பிரசவ உதவிப் பணத்தில் பேர் இருக்கே, அந்த டாக்டர் அம்மா யார்?
கோவில் நிலச் சட்டத்தையே திருத்திய புதுக்கோட்டைப் பெண்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் ஏழைக் கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தவறாமல் விசாரிப்பது முத்துலட்சுமி ரெட்டி பணத்தைத்தான். ரொக்கமும் சத்துப் பொருள் பெட்டகமும் சேர்த்து 18 ஆயிரம் ரூபாய் உதவி அது.

பணம் ஏறிடுச்சா என்று பாஸ்புத்தகத்தோடு பேங்க்குக்கு அலைகிற பல பேருக்கு, அந்தப் பேருக்கு உரியவர் யார் என்று தெரியாது.

கோவிலில் பெண்களுக்குப் பொட்டு கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியவர் அவர். அவருடைய தாயாரே அந்த மரபில் வந்தவர்தான்!

திரைக்குப் பின்னால் படிப்பு

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர். தாயார் சந்திரம்மாள்.

மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு வீட்டில் இருந்தே படித்து பாஸ் செய்தார். அடுத்து மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. பையன்களைப் பெற்றவர்கள் ஆட்சேபம் கிளப்பினார்கள். மகாராஜாவே அனுமதி கொடுத்ததால் இடம் கிடைத்தது. வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் இவர்தான்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே கண்டிஷன் போட்டார். அவரும் சம்மதித்தார்.

நிலம்தான் முடிச்சு

1926-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் இவர். மறு வருஷமே துணைத் தலைவர் ஆனார்.

பொட்டு கட்டுவதை நிறுத்தும்படி 1927-ல் சபையில் தீர்மானம் கொண்டு வந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிகளில் ஒரு சாராரும் தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று பயந்து எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். பெரியார் இவர் பக்கம் நின்றார்.

விஷயத்தின் முடிச்சு நிலத்தில் இருந்தது. கோவில் சேவைக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. சேவை நின்றால் நிலமும் போய்விடும். எனவே ஒரு பெண் விலக நினைத்தாலும் வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். அம்மாவுக்குப் பிறகு மகளுக்குப் பொட்டு, மகளுக்குப் பிறகு பேத்திக்குப் பொட்டு.

1929 சட்டத் திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. நிலத்துக்கு ஒரு தீர்வை கட்டினால் போதும், கோவிலில் சேவை செய்ய வேண்டியதில்லை, நிலம் அவர்களுக்கே என்று ஆனது. வயிற்றுப்பாட்டுக்காகப் பெண்ணைப் பொட்டு கட்டிக் கொடுக்கும் கட்டாயம் போனது.

அடியோடு தடை செய்யும் சட்டம் வர மேலும் 18 வருஷம் பிடித்தது. 1947-ல் ஓமந்தூரார் ஆட்சியில்தான் அது நிறைவேறியது. அதே காலத்தில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்துக்கு இப்போது அவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள்.

வீடே விடுதி

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கி எறிந்தார் முத்துலட்சுமி.

அந்தச் சமயம் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அடைக்கலம் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் தயாராக இல்லை. இவர் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அடையாறு அவ்வை இல்லம் தொடங்கிய கதை இதுதான். இன்றும் அங்கே ஏழைப் பெண்கள் படிக்கிறார்கள்.

தங்கை புற்றுநோயில் இறந்தது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பிறகு டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். தமிழ்நாட்டின் எந்த மூலையில் புற்றுநோய் என்றாலும் இன்று ஜனங்கள் வாயில் வரும் பேர் அடையாறுதான்.

1956-ல் பத்மபூஷண் பட்டம் பெற்றார். 1968 ஜூலை 22-ந் தேதி, 82-வது பிறந்த நாளுக்கு 8 நாள் இருக்கும்போது காலமானார்.

அவர் பிறந்த ஜூலை 30-ந் தேதியை அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019-ல் முடிவு செய்தது.