சதுரங்க வீரர் சுல்தான் கான்

அறிவுக்கு விருந்தளிக்கும் ஆட்டம் சதுரங்கம். அவ்வாட்டத்தில் உலகையே வியக்க வைத்தவர் மீர் சுல்தான் கான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையிடம் நம் நாட்டுச் சதுரங்கத்தைக் கற்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையிலோ இரண்டு கட்டம் செல்லலாம். ஆகவே, ஆட்டத்தின் தொடக்கமே வேறுபடும்.

பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவருடைய திறமையைக் கண்டு ஆதரித்தார். ஐரோப்பிய முறையையும் கற்கச் செய்தார். 1929-இல் அவருடன் இலண்டன் சென்ற சுல்தான் கான், அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார்.

அவருடைய வெற்றிகளில் தலைசிறந்தது 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கிடைத்ததாகும். எதிரே அமர்ந்தவர் கியூபா நாட்டுக் கபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக விளங்கியவர். தோல்வியை அரிதாகவே கண்டவர். சுல்தான் கானோ ஐரோப்பியக் களத்திற்குப் புதியவர். தொடக்க ஆட்ட நூல்களைக் கற்றுத் தேர்ந்தவரும் அல்லர். எனினும் அவர் அஞ்சவில்லை, அவசரப்படவும் இல்லை. பொறுமையாகக் காய்களை நகர்த்தி, 65-ஆவது நகர்த்தலில் வெற்றி கண்டார்.

அதே நிலக்கிழாரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் இளம்பெண் 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி.

ஆனால், அவ்வாண்டின் இறுதியில் சர் உமர் தாயகம் திரும்பினார். அவருடன் இவர்களும் திரும்பினர். அதன்பின் சுல்தான் கான் ஐரோப்பியக் களத்தில் ஆடவேயில்லை. புகழின் உச்சியில் இருந்தவர் சொந்த ஊரில் அமைதியாக வாழ்ந்து, 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024-இல்தான்.

அன்புத் தோழியரே! திறமை எந்தக் குடிசையிலும் பிறக்கும். ஆனால், அது வளர்வதற்குரிய வாய்ப்பு பிறர் கையில் இருந்தால், அவர் புறப்படும் நாளில் அதுவும் புறப்பட்டுவிடும். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் பிறந்த நமக்கு, நம் கையிலேயே நிற்கும் செல்வம் கல்விதான். பத்தாம் வகுப்போடு அதை நிறுத்திவிடாமல் தொடர்ந்து கற்போம். பெற்றோரும் துணை நின்றால், எத்தனை பெரியவர் எதிரே அமர்ந்தாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.