கயிலைக்கு நடந்த உழவாரக்காரர்



தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படுகிற காவடி, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும். கால் சுடும், தோள் வலிக்கும். ஆனாலும் சில மணி நேரத்தில் சந்நிதி வந்துவிடும். நடந்து நடந்து உடம்பே தேய்ந்தும் போய்ச் சேராத ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அவர்தான் அப்பர் என்னும் திருநாவுக்கரசர்.

7-ஆம் நூற்றாண்டில் திருவாமூரில் பிறந்தவர். தாய் தகப்பனை இழந்து, அக்காள் திலகவதியார் கையில் வளர்ந்தார். சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பேர் பெற்றார். சூலை நோய் கண்டதும் திருவதிகைக்கு, அக்காளிடமே திரும்பி வந்தார். அத்தனை படித்தவர் கையில் என்ன இருந்தது தெரியுமா? உழவாரம்! புல் செதுக்குகிற கருவி. போன கோயிலில் எல்லாம் புல் செதுக்கினார். புல்வெட்டுகிற கைதானே என்று கூச்சப்படுகிற தோட்டத்து அண்ணன்மாரே, அக்காமாரே, இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதுமையில் அவருக்குக் கயிலை காண ஆசை வந்தது. கயிலை திபெத்தில் இருக்கிறது. உயரம் 6,638 மீட்டர். இன்றைக்கும் அதன்மேல் யாரும் ஏறுவதில்லை. அடிவாரத்தைச் சுமார் 52 கிலோமீட்டர் சுற்றி வந்து கும்பிடுகிறார்கள். வழியிலுள்ள டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். வாலிபருக்கே அங்கே மூச்சு வாங்கும்.

அப்பர் காளத்தி, ஸ்ரீசைலம், காசி எல்லாம் கடந்து நடந்தார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது; மார்பால் ஊர்ந்தார். பிறகு உருண்டார். அதுவும் முடியாமல் கிடந்தபோது, இறைவன் முனிவராக வந்து திரும்பிப் போகச் சொன்னார். அப்பர் மறுத்துவிட்டார். அங்கிருந்த பொய்கையில் முழுகச் சொன்னார் இறைவன். முழுகியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில்! அங்கே சோடி சோடியாய் வந்த யானையும் கோழியும் குயிலும் அம்மையப்பராகவே தெரிந்தன. கயிலைக் காட்சி காவிரிக் கரையிலேயே கிடைத்துவிட்டது. ஆடி அமாவாசை தோறும் இதற்குத் திருவையாற்றில் விழா நடக்கிறது.

காட்சி கண்டபின் உழவாரத்தைக் கீழே போட்டாரா? இல்லை. கடைசியில் திருப்புகலூரிலும் புல்தான் செதுக்கினார். செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தென்பட, கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்தார். 81-ஆம் வயதில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

பிள்ளைகளே, இன்று பரிசு வாங்குபவர் சிலர். வெறுங்கையோடு வீடு திரும்புபவர் பலர். அப்பரும் பாதி வழியில் திரும்பியவர்தான். ஆனால் அவர் நடந்தது வீண் போகவில்லை. நாளைக் காலையில் நீங்களும் புத்தகத்தை எடுங்கள்.