புரி அறிந்த பொறியாளர்

ஒரு பட்டறையில் கடைந்த திருகாணி, வேறொரு பட்டறையில் செய்த மரையில் தடையின்றிப் பொருந்துவது இன்று நமக்கு வியப்பளிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நடவாத செயல். பட்டறைக்குப் பட்டறை மரையின் கோணமும் இடைவெளியும் வேறுபட்டன. 1841ஆம் ஆண்டில் 55 பாகைக் கோணமும் சீரான அளவுகளும் வகுத்து அக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தவர் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். மரையை அளந்த அதே கண், பின்னாளில் துப்பாக்கிக் குழலின் உட்புறத்தையும் ஆராய்ந்தது.

1803 டிசம்பர் 21 அன்று ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்த அவர் இளமையிலேயே தாயை இழந்தார். பதினான்காம் வயதில் உறவினர் ஒருவரின் பருத்தி ஆலையில் சேர்க்கப்பட்டார். அங்கே மேலாளராவதைவிட எந்திரங்களோடு உழைப்பதே அவருக்கு உவப்பாயிற்று. ஒருநாள் மான்செஸ்டருக்குச் சென்று கம்மியராகச் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே போன்ற தேர்ந்த கம்மியரிடம் தொழில் கற்று, 1833இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் அவர் வைத்த அளவுகருவி, ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் காட்ட வல்லது.

கிரிமியப் போர் மூண்டபோது, என்ஃபீல்டு துப்பாக்கிகளை விரைந்து செய்யும் எந்திரங்களை அமைத்துத் தருமாறு பிரித்தானிய அரசு அவரை வேண்டியது. வேறொருவராயின் உடனே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருப்பார். விட்வொர்த்தோ, சிறந்த குழல் எதுவென்று அறியாமல் அதனைச் செய்யும் எந்திரத்தை அமைப்பது எவ்வாறு என்று கேட்டார். அவருடைய வாழ்வில் நான் பெரிதும் மதிப்பது இந்தத் தயக்கத்தையே.

குழலின் உட்புறத்தில், கயிற்றின் புரி போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. அவை குண்டினைச் சுழற்றி அனுப்புகின்றன. விரைந்து சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலைகுப்புறக் கவிழாமல் செல்கிறது. குண்டு நீண்டிருந்தால் காற்று அதனைக் கவிழ்க்கும் ஆற்றல் மிகும். ஆகவே சுழற்சியும் மிக வேண்டும், புரியும் நெருங்க வேண்டும். என்ஃபீல்டின் குழல்விட்டம் 0.577 அங்குலம், அதன் புரி 78 அங்குலத்துக்கு ஒருமுறையே சுற்றியது. கட்டையான குண்டுக்கு அது போதும். ஆனால் அதே 530 கிரெயின், அதாவது ஏறத்தாழ 34 கிராம் எடையுள்ள ஈயத்தை மெல்லிய குண்டாக நீட்டினால், அது காற்றை எளிதில் கிழித்து வேகம் குன்றாமல் செல்லும். அத்தகைய குண்டுக்கு அந்தப் புரி உதவாது.

அரசின் செலவில் அவருடைய இல்லத்தை அடுத்து 500 கெஜ நீளமுள்ள மூடிய கூடம் எழுந்தது. முதற்கட்டடம் புயலில் வீழ, மீண்டும் கட்டினர். குண்டின் வழியெங்கும் மெல்லிய தாள்களை நிறுத்தி, அது துளைத்த துளைகளைக் கொண்டு அதன் போக்கை அறிந்தார். புரியின் நெருக்கத்தைப் பலவாறு மாற்றிச் சோதித்தார். முடிவில் 0.45 அங்குலக் குழல், விட்டத்தைப்போல் மும்மடங்கு நீண்ட குண்டு, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் பொருத்தத்தைக் கண்டார். நெருங்கிய புரியில் மெல்லிய ஈயம் பள்ளங்களைப் பற்றாமல் வழுக்கக்கூடும். எனவே குழலையும் குண்டையும் அறுகோணமாக்கினார்.

1857இல் ஹைத் நகரில் இரு துப்பாக்கிகளும் சோதிக்கப்பட்டன. 500 கெஜத் தொலைவில் என்ஃபீல்டின் சராசரி விலகல் ஏறத்தாழ 27 அங்குலம். விட்வொர்த்தினுடையது நாலரை அங்குலம். 1,400 கெஜத்தில் என்ஃபீல்டால் இலக்கைத் தொடவும் இயலவில்லை. ஆயினும் படைத்துறை அவர் துப்பாக்கியை ஏற்கவில்லை. சிறிய குழலில் வெடிமருந்துக் கரி விரைவில் அடைந்தது, விலையும் பன்மடங்கு. போர்வீரனின் கையில் சேறும் புகையும் படும் கருவிக்கு இவை சிறிய குறைகள் அல்ல.

1860இல் விம்பிள்டனில் நடைபெற்ற குறிபார்க்கும் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார்; தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் விசையைக் கயிற்றால் இழுத்ததும், 400 கெஜத்துக்கு அப்பால் குண்டு இலக்கின் நடுவை ஒட்டிப் பாய்ந்தது. அதே துல்லியம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் குறிவல்லாருக்கு ஆயுதமாகி, தொலைவிலிருந்த வீரர்களின் உயிரையும் குடித்தது.

அவர் கூடத்தில் சுட்டுச்சுட்டுக் கண்டதை, 1879இல் ஆல்ஃபிரட் கிரீன்ஹில் என்னும் கணித அறிஞர் வாய்பாடாக்கினார். குண்டின் விட்டத்தை 150ஆல் பெருக்கி, நீளம் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ அவ்வெண்ணால் வகுத்தால், ஒரு சுற்றுக்குரிய அங்குலம் கிடைக்கும். விட்வொர்த்தின் குண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: இருபத்திரண்டரை வரும். அவர் தேர்ந்த 20 அதனினும் சற்றே நெருக்கமானது.

இளம் பொறியியல் மாணவர்களுக்காக 1868இல் உதவித்தொகை நிறுவிய அவர், 1887 சனவரி 22 அன்று மாண்டி கார்லோவில் மறைந்தார். அவ்வேளையில் பிரித்தானிய வீரர்கள் ஏந்தியிருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குழல்விட்டம் 0.45 அங்குலம், அதன் புரி 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று.