முகமது சலீம் (கால்பந்தாட்ட வீரர்)

முகமது சலீம் (1904 – நவம்பர் 5, 1980) கொல்கத்தாவைச் சேர்ந்த இந்தியக் கால்பந்தாட்ட வீரர் ஆவார். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக விளையாடிய முதல் இந்தியத் துணைக்கண்ட வீரர் என இவர் அறியப்படுகிறார். 1936 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள செல்டிக் கழகத்துக்காகக் காலணி அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்களில் விளையாடினார். இவ்விரண்டு ஆட்டங்களும் ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் பெரிய கழகங்களின் இரண்டாம் அணிகள் பங்கேற்ற அலையன்ஸ் தொடரைச் சேர்ந்தவை. கொல்கத்தாவில் மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் பெற்ற தொடர் வெற்றிகளிலும் சலீமுக்குப் பங்குண்டு.

இளமைக் காலம்

சலீம் கொல்கத்தாவின் மேட்டியாபுருஸ் பகுதியில் எளிய முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்த இப்பகுதி, ஆட்சியை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856 இல் வந்து குடியேறிய இடமாகும். நவாபுடன் வந்தவர்களின் வழித்தோன்றல்களும் தொழிலாளர்களும் இங்கு வாழ்ந்து வந்தனர்.

சலீமுக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1911 இல், மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆங்கிலேயப் படை அணி ஒன்றை வெறுங்காலுடன் ஆடிய இந்தியர்கள் வென்ற செய்தி வங்காளம் முழுவதும் பரவியது. அந்த அணியில் ஒருவர் தவிர மற்றவர்கள் அனைவரும் காலணி இன்றி ஆடியவர்கள். இவ்வெற்றி அக்காலத்துச் சிறுவர்கள் பலரைக் கால்பந்தாட்டத்தின் பால் ஈர்த்தது. அவர்களுள் சலீமும் ஒருவர். மருந்தாளுநர் பணிக்கான பயிற்சியைப் பெற்றபோதிலும் இவரது நாட்டம் விளையாட்டிலேயே இருந்தது.

கொல்கத்தாக் கழகங்களில்

சலீம் 1926 இல் பௌபஜார் பகுதியைச் சேர்ந்த சித்தரஞ்சன் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன் ஆகியவற்றில் விளையாடினார். 1934 இல் மீண்டும் மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு வந்தார். வலது ஓரத்தில் பந்தைக் கொண்டு சென்று, நடுவில் நிற்கும் முன்கள வீரருக்குத் துல்லியமாக அனுப்புவதே இவரது பணி.

கொல்கத்தா கால்பந்துத் தொடர் 1898 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஆங்கிலேயர் கழகங்களும் படை அணிகளும் மட்டுமே அதில் இடம்பெற்றன. இந்தியக் கழகங்கள் இரண்டாம் பிரிவில் ஆடி, அங்கிருந்து தகுதி பெற்று முதல் பிரிவுக்கு வரவேண்டியிருந்தது. மோகன் பகான் 1914 இல் இரண்டாம் பிரிவில் ஆடி 1915 இல் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மட்டுமே இடம் என்ற கட்டுப்பாடும் இருந்தது. 1925 இல் ஈஸ்ட் பெங்கால் முதல் பிரிவில் சேர்க்கப்பட்டபோதே அது நீங்கியது.

1891 இல் நிறுவப்பட்ட மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகம் நெடுங்காலம் கீழ்ப் பிரிவுகளில் இருந்தது. 1933 இல் இரண்டாம் பிரிவிலிருந்து தகுதி உயர்வு பெற்றது. 1934 இல் முதல் பிரிவில் ஆடிய முதல் ஆண்டிலேயே தொடரை வென்று, அதுவரை எந்த இந்தியக் கழகமும் பெறாத பட்டத்தைப் பெற்றது. தொடர்ந்து 1938 வரை ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டது. கொல்கத்தாவுக்கு வெளியே பெங்களூர் முதலிய இடங்களிலிருந்தும் வீரர்களைச் சேர்த்தது இவ்வெற்றிக்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் காலணி. கொல்கத்தாத் தொடர் மழைக்காலத்தில் நடைபெறுவதால் சேறான திடலில் வெறுங்கால் ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுந்தனர்; காலணி அணிந்த ஆங்கிலேயர் அணிகள் அந்நாட்களில் எளிதாக வென்றன. மொகமடன் கழகம் ஈரத் திடலில் ஆடும்போது தன் வீரர்களுக்கு எடை குறைந்த காலணிகளை வழங்கியது. எனினும் சலீம் வெறுங்காலுடன் ஆடுவதையே விரும்பினார்.

சீன அணியுடன் ஆட்டம்

1936 இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றுகொண்டிருந்த சீன அணி, பயணச் செலவுக்குப் பணம் திரட்டும் பொருட்டு வழியில் தென்கிழக்காசிய நாடுகளிலும் இந்தியாவிலும் காட்சி ஆட்டங்களை ஆடியது. லீ வாய் டோங் அவ்வணியின் தலைவர். கொல்கத்தாவில் நடைபெற்ற ஆட்டத்தில் சலீம் இந்திய அணியில் இடம்பெற்றுப் பாராட்டைப் பெற்றார். அடுத்த ஆட்டத்துக்கும் இவர் தேர்வு செய்யப்பட்டார். ஆனால் அவ்வாட்டத்துக்கு முன் இவரைக் காணவில்லை.

பிரித்தானியாவில் வாழ்ந்து வந்த ஹஷீம் என்ற உறவினர் அப்போது கொல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைக் கண்ட அவர், ஐரோப்பாவில் இவருக்கு வாய்ப்புக் கிடைக்கும் எனக் கூறித் தம்முடன் அழைத்துச் சென்றார். இருவரும் கப்பலில் கெய்ரோ வழியாகப் பிரித்தானியாவை அடைந்தனர். இலண்டனில் சில நாட்கள் தங்கிய பின் கிளாஸ்கோ சென்றனர்.

செல்டிக் கழகத்தில்

செல்டிக் கழகம் 1887 இல் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த வறிய ஐரிஷ் மக்களுக்கு உதவும் நோக்குடன் வால்பிரிட் என்ற கத்தோலிக்கத் துறவியால் தொடங்கப்பட்டது. 1936 இல் அது ஸ்காட்லாந்து முதல் பிரிவின் நடப்பு வாகையர். 1897 முதல் அதன் மேலாளராக இருந்தவர் வில்லி மேலி. ஹஷீம் அவரைச் சந்தித்து, இந்தியாவிலிருந்து சிறந்த வீரர் ஒருவர் வந்திருப்பதாகவும் ஆனால் அவர் வெறுங்காலுடன் ஆடுபவர் என்றும் கூறித் தேர்வு ஆட்டம் ஒன்றுக்கு அனுமதி கேட்டார். காலணி அணிந்த தொழில்முறை வீரர்களிடையே வெறுங்காலுடன் ஒருவர் ஆடுவது மேலிக்கு நம்பமுடியாததாக இருந்தபோதிலும் அவர் இசைந்தார்.

கழக உறுப்பினர்களும் பயிற்றுநர்களும் பார்த்திருக்கச் சலீம் தம் திறனைக் காட்டினார். இதன் பயனாக அலையன்ஸ் தொடரில் ஆடும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. முதல் அணியில் இடம் பெற முயலும் இளைஞர்களும் காயத்திலிருந்து மீண்டு வரும் வீரர்களும் தம்மை மெய்ப்பிக்கும் களம் அது. சலீம் ஆடிய வலது ஓர இடம் முதல் அணியில் ஜிம்மி டிலேனி என்ற புகழ்பெற்ற வீரரிடம் இருந்தது.

ஹாமில்டன் அகடமிக்கல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5–1 என்ற கணக்கில் வென்றது. ஆகஸ்ட் 28, 1936 அன்று செல்டிக் திடலில் கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் 7–1 என்ற கணக்கில் வென்றது. இவ்வேழு கோல்களில் மூன்று சலீம் அமைத்துக் கொடுத்தவை என மறுநாள் நாளிதழ்ச் செய்தி குறிப்பிட்டது. பந்தைக் கட்டைவிரலில் நிறுத்திச் சுண்டுவிரல் வரை உருளவிட்டு, தடுப்பு வீரரைக் கடந்து சென்று நடுவில் நிற்பவருக்குத் தட்டிவிடும் இவரது முறையை அச்செய்தி வியந்து எழுதி, இவரை வித்தைக்காரருக்கு ஒப்பிட்டது. தண்ட உதை ஒன்றை அடிக்குமாறு கேட்கப்பட்டபோது கூச்சத்தால் மறுத்துவிட்டார் என்றும், ஆங்கிலம் அறியாத இவருக்கு ஹஷீம் மொழிபெயர்த்தார் என்றும் அதே செய்தி தெரிவித்தது.

செல்டிக் கழகத்தின் முன்னாள் வீரரும் பயிற்றுநருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் பாதங்களில் துணிக்கட்டுச் சுற்றும் ஒளிப்படம் அக்காலத்தைச் சேர்ந்தது. இந்தியா பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்ட இப்படம் பின்னாளில் பரவலாக அறியப்பட்டது.

சலீம் செல்டிக் முதல் அணியில் முதல் பிரிவு ஆட்டம் எதிலும் ஆடவில்லை. இவரைப் பற்றிய சில குறிப்புகளில் இவ்வேறுபாடு விடுபட்டுள்ளது.

நாடு திரும்பல்

சில மாதங்களிலேயே சலீமுக்கு வீட்டு நினைவு மேலிட்டது. மொழியும் குளிரும் பழக்கமற்றவையாக இருந்தன. கழகம் இவரைத் தங்குமாறு கேட்டுக்கொண்டது. ஜெர்மனியில் விளையாடவும் அழைப்பு வந்ததாகக் கூறப்படுகிறது. எனினும் சலீம் கொல்கத்தா திரும்ப முடிவு செய்தார்.

இவரைத் தக்க வைத்துக்கொள்ளும் எண்ணத்துடன், அறக்கொடை ஆட்டம் ஒன்றை நடத்தி அதன் வசூலில் 5 விழுக்காட்டை இவருக்கு அளிக்கச் செல்டிக் முன்வந்ததாகவும், அத்தொகையை ஆட்டம் காண அழைக்கப்பட்டிருந்த ஆதரவற்ற குழந்தைகளுக்கே வழங்குமாறு சலீம் கூறிவிட்டதாகவும் வாழ்க்கைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. அத்தொகை 1,800 பவுண்டு என்பதும் பல இடங்களில் காணப்படுகிறது. இவ்வெண் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கது. 1,800 பவுண்டு 5 விழுக்காடு எனில் மொத்த வசூல் 36,000 பவுண்டு, அதாவது 7,20,000 சில்லிங் ஆகும். அக்காலத்தில் கால்பந்தாட்டத்துக்கான சாதாரண நுழைவுக் கட்டணம் ஏறத்தாழ ஒரு சில்லிங். 1937 ஏப்ரலில் செல்டிக் ஆடிய ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்களே ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

நாடு திரும்பிய சலீம் மீண்டும் மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்து விளையாடினார்.

இறுதிக் காலம்

முதுமையில் சலீம் நோயுற்றார். அப்போது இவரது மகன் செல்டிக் கழகத்துக்கு மடல் எழுதி, தந்தையின் மருத்துவத்துக்குப் பணம் தேவை எனக் குறிப்பிட்டார். பணம் பெறுவது அவரது நோக்கமன்று; கழகம் தந்தையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என அறியவே அவ்வாறு எழுதினார் எனப் பின்னாளில் தெரிவித்தார். கழகத்திலிருந்து விடை மடலுடன் 100 பவுண்டு வங்கி வரைவோலை வந்தது. குடும்பத்தினர் அதை மாற்றாமல் நினைவுப் பொருளாகப் பாதுகாத்தனர். சலீம் நவம்பர் 5, 1980 அன்று காலமானார்.

வெறுங்கால் ஆட்டத்தின் முடிவு

சலீமின் ஆட்டமுறை இவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1948 இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இந்திய வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சுக்கு எதிரான அவ்வாட்டத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு தண்ட உதைகளைத் தவறவிட்ட இந்தியா 1–2 எனத் தோற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் குளிரில் ஆடிய இந்தியா யுகோசுலாவியாவிடம் 1–10 என்ற கணக்கில் தோற்றது. அதன் பின்னர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

பின்வந்தவர்கள்

சலீமுக்குப் பின் இந்திய வீரர்கள் ஐரோப்பாவில் ஆடியது அரிதாகவே நிகழ்ந்தது. 1999 இல் பாய்ச்சுங் பூட்டியா, அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் நிலைத் தொடரில் இருந்த பரி கழகத்தில் சேர்ந்தார். 2012 இல் சுனில் சேத்ரி போர்த்துகலின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்து, அந்நாட்டின் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிய அதன் இரண்டாம் அணியில் இடம்பெற்றார். சலீமைப் போலவே சேத்ரியும் பெரிய கழகத்தின் இரண்டாம் அணியில் சில ஆட்டங்களே ஆடி நாடு திரும்பினார். கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சாந்து 2014 இல் நார்வேயின் ஸ்டாபெக் கழகத்தில் சேர்ந்து, 2016 இல் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடினார்.

2020 சனவரியில் மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி, செல்டிக்கின் பரம எதிரணியான ரேஞ்சர்ஸ் கழகத்தின் மகளிர் அணியில் ஒப்பந்தம் செய்யப்பட்டு அதே கிளாஸ்கோ நகருக்குச் சென்றார். இந்தியத் தேசிய மகளிர் அணியில் பாலா தேவியைப் போலத் தமிழகத்தின் சிறு நகரங்களைச் சேர்ந்தவர்களும் இடம்பெற்றுள்ளனர். கடலூரைச் சேர்ந்த நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் அவர்களுள் ஒருவர். 1936 இல் உறவினர் ஒருவரின் பரிந்துரையும் மேலாளர் ஒருவரின் இசைவுமே சலீமுக்கு வாயிலாக அமைந்தன. பாலா தேவியோ தேர்வு ஆட்டங்களுக்குப் பின் முறையான தொழில்முறை ஒப்பந்தத்துடன் சென்றார். சலீம் விளையாடியதாக உறுதியாகத் தெரிந்த ஐரோப்பிய ஆட்டங்கள் இரண்டே. அவற்றில் செல்டிக் அடித்த கோல்கள் மொத்தம் 12. பெற்ற கோல்கள் 2.