ஓடும் குதிரையை நிறுத்திக் காட்டியவர்

நம் போர்ட் கிள்ளானில் இன்று ஆளுக்கொரு கைப்பேசி. ஓட்டப் பந்தயத்தின்போது பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும், படபடவென்று பத்து இருபது படங்கள் விழுந்துவிடும். இந்த வித்தைக்கு அன்றே வழிகாட்டியவர் யார் தெரியுமா? அவர்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

1830 ஏப்ரல் 9ஆம் நாள், இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரை ஊரான கிங்ஸ்டனில் பிறந்தார். இளம் வயதில் அமெரிக்கா சென்று புத்தக வியாபாரம் செய்தார். 1860இல் அவர் போன குதிரை வண்டி விபத்துக்குள்ளாகி, தலையில் பலத்த அடி. பிழைத்ததே பெரிது! அதன் பிறகுதான் புகைப்படத் தொழிலில் முழுமூச்சாய் இறங்கினார்.

குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா? கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1872இல் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் இந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தார். முதலில் எடுத்த படங்கள் தெளிவாக இல்லை. இடையே 1874இல், கோபத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்று சிறைக்கும் போனார். மறு ஆண்டு நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. அந்தக் கோபம் நமக்கு வேண்டாம். விடாமுயற்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோ. பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல்களைக் கட்டினார். சாலி கார்ட்னர் என்ற குதிரை பாய்ந்து வந்து ஒவ்வொரு நூலாக அறுக்க, ஒவ்வொரு கேமராவும் தானாகவே படம் பிடித்தது. பார்த்தால், நான்கு கால்களும் எழும்பத்தான் செய்தன! ஆனால் ஓவியர்கள் வரைந்தபடி முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல; வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது. ஓட்டத்தில் சேணத்தின் வார் அறுந்துபோனது. அதுவும் படத்தில் விழுந்திருக்கவே, பத்திரிகையாளர்களின் சந்தேகமும் தீர்ந்தது.

மறு ஆண்டு, சுழலும் கண்ணாடித் தட்டு ஒன்றால் அந்த ஓட்டத்தைத் திரையிலும் காட்டினார். இன்றைய சினிமாவுக்கு அது ஒரு முன்னோடி.

பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்ததா? 1882இல் ஸ்டான்ஃபோர்ட் வெளியிட்ட நூலின் முகப்பில் மைபிரிட்ஜின் பெயரே இல்லை. வழக்குப் போட்டார், தோற்றார். ஆனாலும் கேமராவை மூட்டை கட்டி வைக்கவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து உழைத்து, மனிதரும் விலங்குகளும் அசையும் விதத்தைக் காட்டும் 781 படத்தாள்களை 1887இல் தம் பெயரிலேயே வெளியிட்டார். 1904 மே 8ஆம் நாள் பிறந்த ஊரிலேயே காலமானார்.

மாணவர்களே, இன்று மேடையில் பெயர் வாசிக்கப்பட்டவர்களுக்கு வாழ்த்துகள். உழைத்தும் பெயர் விடுபட்டவர்களே, நீங்கள் மைபிரிட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.