அடிக்குக் காலணி தந்த அடி டாஸ்லர்

அடி என்றால் தமிழில் பாதம். தொலைதூர ஜெர்மனியில் அடால்ஃப் டாஸ்லர் என்ற பெயருடன் பிறந்த ஒருவரை வீட்டாரும் ஊராரும் சுருக்கமாக அடி என்றே அழைத்தனர். வாழ்நாள் முழுதும் விளையாட்டு வீரர்களின் பாதங்களுக்காகவே உழைத்த அம்மனிதருக்குத் தமிழர் ஒருவர் பெயர் சூட்டியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகச் சூட்டியிருக்க முடியாது. அந்தச் செல்லப்பெயரோடு குடும்பப்பெயரின் தொடக்கத்தைச் சேர்த்துப் பிறந்ததே அடிடாஸ்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு இப்பெயர் அயலானதன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து, ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் தடா வரும். அதற்கருகே மாம்பட்டில் உள்ள ஆலையில் அடிடாஸ் காலணிகள் தயாராகின்றன. நம் கல்லூரி மைதானத்திலோ அதே மூன்று கோடுகள் போட்ட நடைபாதைக் கடைச் சட்டைகள் ஓடி விளையாடுகின்றன. கோடுகளை அறிந்த நாம் கோடு போட்டவரை அறியோம். வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையிலும், நம் கால்பந்து அணியில் ஒருவன் என்ற முறையிலும் அவர் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1900ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஹெர்ட்ஸோகெனௌராக் என்னும் சிற்றூரில் அடி பிறந்தார். தந்தை காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. தாய் வீட்டின் பின்புறத்தில் சலவைக்கூடம் நடத்தி வந்தார். அடியை ரொட்டி சுடும் தொழிலுக்குத்தான் பழக்கினார்கள். அவர் மனமோ ஓட்டத்திலும் பந்திலும் கிடந்தது. முதல் உலகப் போரில் படைக்கு அழைக்கப்பட்டுத் திரும்பியபோது நாடு வறுமையில் இருந்தது. தாயின் சலவைக்கூடத்திலேயே அவர் காலணி தைக்க அமர்ந்தார். தோல் கிடைக்கவில்லை; படையினர் விட்டுச்சென்ற பொருள்களிலிருந்து தோலும் துணியும் எடுத்தார். மின்சாரம் நின்று நின்று வந்தது. சைக்கிள் மிதித்து இயந்திரத்தைச் சுழற்றினார். ஓட்டக் காலணிக்கு வேண்டிய ஆணிகளைக் கொல்லர் வீட்டு நண்பர் அடித்துக் கொடுத்தார்.

அண்ணன் ருடால்ஃப் வந்து சேர்ந்ததும் 1924இல் டாஸ்லர் சகோதரர்கள் நிறுவனம் தொடங்கிற்று. பேசி விற்பது அண்ணனின் திறமை. உட்கார்ந்து செய்வது தம்பியின் திறமை. அடி தாமே விளையாடிப் பார்ப்பார். வீரர்களிடம் எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கேட்பார். கேட்டதற்கேற்ப மாற்றித் தைப்பார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற லீனா ராட்கே அணிந்தது இவர்களுடைய காலணியே. 1936 பெர்லினில் நான்கு தங்கம் வென்று, நிறவெறி பேசியவர்களைத் தலைகுனிய வைத்த கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் கால்களிலும் இவர்கள் காலணி இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் டாஸ்லர் சகோதரர்கள் நாஜிக் கட்சியில் சேர்ந்தனர். போரின் பிற்பகுதியில் அந்தக் காலணி ஆலை டாங்கிகளைத் தாக்கும் ஆயுதம் செய்யும் ஆலையாயிற்று. போர் முடிந்தபின் அடி விசாரணைக் குழுவின் முன் நின்று பதில் சொல்ல நேர்ந்தது. ஓவன்ஸின் காலணியைப் போற்றும் நாம் இதையும் சேர்த்தே அவர் வாழ்வை எடைபோட வேண்டும்.

போர் அண்ணன் தம்பியையும் பிரித்துவிட்டது. 1948இல் பாகப்பிரிவினை நடந்தது. ஆற்றின் ஒரு கரையில் ருடால்ஃபின் பூமா. மறுகரையில் 1949 ஆகஸ்டில் பதிவான அடிடாஸ். ஒரே ஊர் இரு ஊராயிற்று. எதிரே வருபவர் யார் பக்கம் என்றறிய மக்கள் முகத்தைப் பாராமல் காலணியைப் பார்த்தார்களாம். அதனால் குனிந்த கழுத்துக்காரர்களின் ஊர் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. நம் நாட்டில் வரப்புத் தகராற்றில் பிரிந்த பங்காளிகளை அறிந்த நமக்கு இது புதுக்கதையன்று.

அந்த மூன்று கோடுகள் அழகுக்காகப் பிறந்தவையல்ல. காலணியின் பக்கங்கள் தளர்ந்து விரியாமல் இறுக்கிப் பிடிக்கத் தைத்த தோல் பட்டைகளே அவை. வெள்ளை நிறம் கொடுத்தால் தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும் என்று கண்டபின், பட்டை முத்திரையாயிற்று.

1954 உலகக் கோப்பை இறுதியாட்டம் அடிக்கு அழியாப் புகழ் தந்தது. ஜூலை 4, பெர்ன் நகரம், அடைமழை. எதிரே நான்கு ஆண்டுகளாகத் தோல்வியறியாத ஹங்கேரி. அதே போட்டியின் முதற்சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8–3 என்று நொறுக்கிய அணி அது. ஜெர்மானிய அணியோடு சென்றிருந்த அடி, கழற்றி மாட்டும் திருகுக் குமிழ்கள் கொண்ட இலகுவான பூட்ஸ்களைக் கொடுத்திருந்தார். சேற்றுக்கேற்ப நீண்ட குமிழ்களைத் திருகினார்கள். 0–2 எனப் பின்தங்கிய அணி 3–2 என்று வென்றது. காலணியே வென்றது என்றால் அது மிகை. வழுக்காமல் நின்றவர்கள் வென்றார்கள் என்பது சரி.

இதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 1–2 என்ற கணக்கில்தான் தோற்றனர். 1952 ஹெல்சின்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றபின்னரே நம் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கிற்று. பூட்ஸ் அணிந்த இந்தியா 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பெற்றது.

அந்த மெல்போர்னில்தான் இன்னொன்றும் தொடங்கிற்று. அடியின் மகன் ஹார்ஸ்ட், இருபது வயது இளைஞர், அங்கே சென்று வீரர்களுக்குக் காலணிகளை இலவசமாகக் கொடுத்தார். வென்றவர்களின் படம் பத்திரிகைகளில் வந்தபோது கோடுகளும் சேர்ந்து வந்தன. கொடுப்பது விற்பதைவிட லாபம் என்ற பாடம் அன்று பிறந்தது. 1960 ரோமில் 100 மீட்டர் தங்கம் வென்ற ஆர்மின் ஹாரி, பூமாவில் ஓடி, அடிடாஸ் அணிந்து பரிசு மேடையேறினார். வீரர்களின் கால்களுக்கு விலை பேசும் காலம் வந்துவிட்டது.

கால் முடிந்து உடலுக்கு ஏறிற்று வாணிகம். 1967இல் பெக்கன்பவர் பெயரில் வந்த டிராக் சூட்டே அடிடாஸின் முதல் ஆடை. காலணியின் மூன்று கோடுகள் சட்டைக் கையில் ஏறின. துணியைத் தாங்கிப்பிடிக்கப் பட்டை எதற்கு? அங்கே கோடு முழுக்க முழுக்க விளம்பரம். 1973இல் பிரவுன்ஷ்வெய்க் நகரக் கால்பந்துக் கழகம் பணத்திற்காக ஒரு மது நிறுவனத்தின் மான் தலையை மார்பில் அணிந்து ஆடியது. தடை வந்தபோது கழகத்தின் சின்னத்தையே மானாக மாற்றிக்கொண்டது! 1974 உலகக் கோப்பையில் ஹாலந்து அணியின் சட்டையில் மூன்று கோடுகள். ஆனால் பூமாவோடு ஒப்பந்தம் செய்திருந்த க்ரைஃப், இரண்டே கோடுகள் உள்ள சட்டையோடு ஆடினார். ஒரே அணி, ஒரே நிறம். ஆனால் இரு முதலாளிகளின் கோடுகள்.

அந்த ஆண்டிலேயே ருடால்ஃப் இறந்தார். 1978 செப்டம்பர் 6இல் அடியும் கண்மூடினார். ஒரே இடுகாட்டின் இரு கோடிகளில் சகோதரர்கள் உறங்குகின்றனர். 1990இல் நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டே போயிற்று. கோடுகள் மட்டும் வளர்ந்தன. 2023இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் தோள்களிலும் அவை ஏறின.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொழிற்பேட்டையைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலையார் நம் அணிக்குப் புதிய சட்டைகள் தர முன்வந்துள்ளனர். மார்பில் அவர்கள் பெயர் பெரிதாகவும், கல்லூரியின் பெயர் முதுகில் சிறிதாகவும் இருக்க வேண்டுமாம். அணிக்குள் இரு கட்சி. இலவசத்தை மறுப்பது மடமை என்பார் ஒரு சாரார். நாம் நடமாடும் விளம்பரப் பலகைகளா என்பார் மறுசாரார்.

அடியின் வாழ்வு எனக்கு ஒரு நடுவழி காட்டுகிறது. உதவி பெறுவதில் இழிவில்லை. பெர்னில் ஆடியவர்களும் உதவி பெற்றவர்களே. ஆனால் அங்கே முதலில் கேட்கப்பட்டது ஆட்டக்காரனின் தேவை. பெயர் பின்னால் வந்தது. நம் தேவை என்ன? நம்முள் பாதிப்பேருக்குச் சட்டை இருக்கிறது, பூட்ஸ் இல்லை. மழைக்காலத்தில் கேன்வாஸ் காலணியோடு நம் களிமண் மைதானத்தில் சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கியவர்கள் யார் யார் என்பது நமக்கே தெரியும். ஆகவே அந்த அன்பர்களிடம் சட்டைக்குப் பதிலாகக் குமிழ் வைத்த பூட்ஸ்களைக் கேட்போம். சட்டையும் தருவார்களாயின் மார்பில் கல்லூரியின் பெயர் நிற்கட்டும். கொடையாளர் பெயருக்குச் சட்டைக் கையில் இடம் தருவோம். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்தப் போட்டிக்கு என்பதை எழுத்தில் வாங்குவோம்.

பல்கலைக்கழகப் போட்டிகள் தொடங்கும் முன் இதை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு முதல்வர் அவர்களையும் உடற்கல்வி இயக்குநர் ஐயா அவர்களையும் பணிவோடு வேண்டுகிறேன். நண்பர்களே, நீங்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். களத்தில் ஓடப்போகும் கால்கள் நம்முடையவை.