மார்க்கோனியும் மண்ணும்

நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றுக்கு அருகே என் மாமாவின் வாழைத்தோட்டம் உள்ளது. அரசாங்கத் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற புதிதில், கோடை விடுமுறையின்போது அங்கே ஓர் ஏரியல் நட்டேன். பத்து மீட்டர் உயரமுள்ள மூங்கில். அதன் உச்சிவரை செங்குத்தாக ஒரு செப்புக் கம்பி. எர்த்துக்காக அடியில் ஒரே ஓர் இரும்புக் குழாய். 40 மீட்டர் அலைவரிசையில் மூன்று இரவு அழைத்தேன். மறுமொழி தருவார் இல்லை. கொடியில்லாத கொடிமரம் எதற்கு என்று மாமா கேலி செய்தார். மனம் சோர்ந்த நான் மார்க்கோனியின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். என் பிழை எதுவென்று அங்கே தெரிந்தது.

குலீல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலியின் பொலோனா நகரில் பிறந்தார். தந்தை நிலக்கிழார், தாய் அயர்லாந்துப் பெண்மணி. பல்கலைக்கழகப் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. ஹெர்ட்ஸ் கண்டறிந்த மின்காந்த அலைகளைப் பற்றிப் படித்தவர், அவற்றைக்கொண்டு கம்பியின்றிச் செய்தி அனுப்பலாம் என்று நம்பினார்.

1895-இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே சோதனைகள் செய்தார். முதலில் அலைகள் நெடுந்தொலைவு செல்லவில்லை. பிறகு கருவியின் ஒரு முனையை உயரத்தில் கட்டிய தகட்டோடும், மறுமுனையை மண்ணோடும் இணைத்தார். அலை குன்றையும் கடந்தது. அப்பால் நின்ற தமையன் அல்போன்சோ துப்பாக்கியைச் சுட்டு, செய்தி வந்ததை அறிவித்தார். வானுக்கு ஒரு கை, மண்ணுக்கு ஒரு கை. இதுவே அவர் கண்ட வழி.

1896-இல் இங்கிலாந்து சென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அட்லாண்டிக் கடலைக் கடக்க விரும்பிப் போல்டு என்னும் இடத்தில் நட்ட உயர்ந்த கம்பங்கள் 1901 செப்டம்பர்ப் புயலில் சாய்ந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. நியூபவுண்ட்லாந்தில் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார். காற்று அதைக் கொண்டுபோயிற்று. முதற் பட்டமும் அறுந்தது. இரண்டாம் பட்டம் தூக்கிப் பிடித்த கம்பியில், டிசம்பர் 12 அன்று, மூன்று புள்ளிகளின் ஒலியைக் கேட்டதாக அறிவித்தார். அதை ஐயுறுவோர் இன்றும் உண்டு. ஆயினும் பின்வந்த ஆண்டுகள் அவர் கனவை மெய்ப்பித்தன. 1909-இல் பிரவுனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது எழுநூறு பேருக்கு மேல் பிழைத்தது கம்பியில்லாத் தந்தியால்தான். பிற்காலத்தில் அவர் முசோலினியின் கட்சியில் சேர்ந்தார். அந்தக் கறையை மறைக்க வேண்டுவதில்லை. 1937 ஜூலை 20 அன்று ரோமில் மறைந்தார். வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிரௌனும் அவர் தோழர் இருவரும், மண்ணில் எத்தனை கம்பி இடவேண்டும் என்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். ஏரியலில் ஏறும் மின்னோட்டம் மண்வழியே அடிக்குத் திரும்ப வேண்டும். மண்ணோ நல்ல கடத்தி அன்று. ஆகவே ஆற்றலின் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது. சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நாற்புறமும் கம்பிகளைப் பரப்பினால் மின்னோட்டம் எளிதில் திரும்பும். அமெரிக்க ஒலிபரப்பு நிலையங்களில் 120 கம்பிகள் இடுவது வழக்கமாயிற்று.

என்னிடம் அத்தனைக்கு வசதி ஏது? மோட்டாரிலிருந்து கழித்த செப்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். பத்து மீட்டராகப் பதினாறு துண்டுகள் வெட்டினேன். முனைகளின் மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, ஒரு செப்பு வளையத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கேலி செய்த மாமாவே மண்வெட்டியோடு வந்து, வாழைகளுக்கு இடையே ஒடுங்கிய சால்கள் கீறித் தந்தார். கம்பிகளை உள்ளே கிடத்தி மண்ணால் மூடினோம்.

அன்றிரவு சுமத்திராவிலிருந்து ஓர் அன்பர் என் அழைப்புக்கு மறுமொழி தந்தார். மாமா நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நஞ்சுண்டேசுவரர் கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போர் பலர். அடித்தளத்தை நினைப்போர் சிலரே. என் மூங்கிலைத்தான் இன்றும் ஊரார் வியந்து பார்க்கிறார்கள். அதைப் பேசவைப்பது மண்ணுக்குள் கிடக்கும் பதினாறு கம்பிகள் என்பதை மாமாவும் நானும் அறிவோம்.